பாத்ரூம் அமைப்பை மாற்றினால் எவ்வளவு ஆகும்? சென்னை ஃபிளாட்டுக்கு ஒரு முழு எஸ்டிமேட்

பாத்ரூம் வேலைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் டைல்ஸ் கடையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சதுர அடி 60 ரூபாயா, 110 ரூபாயா என்று அலைந்து, வீட்டில் எல்லோரும் ஒரு நிறத்துக்குச் சம்மதித்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "க்ளோசெட்ட அந்தப் பக்கம் கொண்டு போகணும்னா மொத்தத்தையும் தோண்டணும் சார்" என்கிறார். அதோடு பட்ஜெட் போயிற்று.

பழைய இடத்திலேயே புதுப் பொருளை மாட்டப் போகிறீர்கள் என்றால் டைல்ஸில் ஆரம்பிக்கலாம், தப்பில்லை. இடம் மாற்றுவதாக இருந்தால் கழிவுக்குழாயில் ஆரம்பியுங்கள். க்ளோசெட் (டாய்லெட்) எத்தனை அடி நகர்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் எஸ்டிமேட்டின் பாதியை முடிவு செய்கின்றன.

கடைசி வரை ஒரே பாத்ரூமை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 7 அடிக்கு 5 அடி. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடி, வயது சுமார் 25. நங்கநல்லூரிலோ கே.கே. நகரிலோ தெருவுக்கு நாலு இப்படி இருக்கும். ஷாஃப்டை (எல்லா மாடிக் குழாய்களும் செங்குத்தாக இறங்கும் இடுக்கு) ஒட்டிய மூலையில் இந்தியன் டாய்லெட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 4 அடி தள்ளி எதிர்ப்பக்கம் வெஸ்டர்ன் க்ளோசெட் வைக்க வேண்டும். பழைய மூலை ஷவருக்கு, நடுவில் கண்ணாடித் தடுப்பு, கதவருகே வாஷ் பேசின்.

படி 1: அளந்து வரையுங்கள்

கட்டம் போட்ட தாளில் வரைந்தால் போதும். சுவர் அளவு மட்டும் இல்லாமல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வென்டிலேட்டர் எங்கே, ஷாஃப்ட் எந்தச் சுவருக்குப் பின்னால், பீம் எங்கே ஓடுகிறது, தண்ணீர் எந்த மூலையில் இறங்குகிறது என்பதையும் குறியுங்கள்.

பிறகு புது இடங்களைப் போட்டுப் பாருங்கள். க்ளோசெட்டின் நடுக்கோட்டில் இருந்து பக்கச் சுவருக்குக் குறைந்தது 15 அங்குலம் வேண்டும். க்ளோசெட்டின் முன் விளிம்புக்கு எதிரே 2 அடி. ஷவர் பகுதி 3க்கு 3 அடி இருந்தால் கை முழங்கை இடிக்காது. 5 அடி அகலத்தில் இதெல்லாம் நெருக்கடிதான். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தால் அல்லது ஸ்லைடிங் ஆக்கினால் உள்ளே நல்ல இடம் கிடைக்கும். ஒரு கதவை மாற்றினாலே வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது என்றால் க்ளோசெட்டை நகர்த்தும் செலவே மிச்சம்.

வாஸ்து பார்க்கிற வீடு என்றால் வாஸ்துக்காரரை இந்தக் கட்டத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள். தாளில் க்ளோசெட்டைத் திருப்ப ரப்பர் போதும். குழாய் போட்ட பிறகு திருப்பச் சொன்னால் பிரேக்கர் மெஷின் வர வேண்டும்.

படி 2: தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள்.

சென்னை ஃபிளாட்டுகளில் பாத்ரூம் ஸ்லாப் இரண்டு விதம். ஒன்று, பக்கத்து அறையைவிட ஸ்லாப்பைச் சுமார் ஓர் அடி தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் படுக்க வைத்து, செங்கல் ஜல்லியோ சிண்டரோ (எரிந்த நிலக்கரிக் கட்டி) கொட்டி மூடியிருப்பார்கள். சன்கன் ஸ்லாப் என்பது இது. இன்னொன்று, ஸ்லாப் சமமாக இருக்கும், அதில் துளை போட்டுக் குழாய் கீழே இறங்கி, கீழ் வீட்டுப் பாத்ரூமின் மேற்கூரையை ஒட்டித் தொங்கிக்கொண்டே ஷாஃப்டுக்குப் போகும்.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள எதையும் உடைக்க வேண்டாம். உங்கள் பாத்ரூமில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல் வீடும் உங்கள் வீடு மாதிரியேதான் கட்டப்பட்டிருக்கும். கூரை பக்கத்து அறையைவிடத் தாழ்வாக இருந்தால் சன்கன். சம உயரத்தில் இருந்து குழாய்கள் தொங்கினால் சன்கன் கிடையாது. பரணோ ஃபால்ஸ் சீலிங்கோ மறைத்தால் அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சன்கன் இருந்தால் ஆழம் போதுமா என்பது அடுத்த கேள்வி. 110 மி.மீ. கழிவுக்குழாய் 40 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிய வேண்டும். 4 அடி நகர்த்தினால் 48 அங்குலத்தை 40ஆல் வகுக்க, 1.2 அங்குலச் சரிவு. குழாயின் விட்டம் 4.3 அங்குலம், மேலே பெட்டும் (டைல்ஸுக்கு அடியில் போடும் சிமெண்ட் கலவை) டைல்ஸும் 2.5 அங்குலம். க்ளோசெட்டுக்குக் கீழே வளைவு திரும்பவும் கொஞ்சம் இடம் வேண்டும். எல்லாம் சேர்ந்து 10 அங்குலத்தைத் தொடும். 12 அங்குலப் பள்ளத்தில் தாராளமாக முடியும். 8 அங்குலம்தான் இருக்கிறது என்றால் தரையை உயர்த்த வேண்டும், கதவருகே ஒரு படி வந்துவிடும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்தப் படி வேண்டாம் என்பது என் கருத்து.

சன்கன் இல்லாத வீட்டில் க்ளோசெட்டை நகர்த்த மூன்று வழிகள். கீழ் வீட்டுக்காரர் சம்மதித்தால் அவர் கூரைக்குக் கீழே புதுக்குழாய் ஓட்டலாம். அதற்கு ஸ்லாப்பில் புதுத் துளை போட வேண்டும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது, பீமில் கை வைக்கவே கூடாது. இரண்டாவது, தரையை உயர்த்துவது. மூன்றாவது பலருக்குத் தோன்றாதது: பி-டிராப் க்ளோசெட் வாங்கினால் கழிவு தரை வழியாக இறங்காமல் பின்பக்கமாக வெளியேறும், அதன் மையம் தரையில் இருந்து சுமார் 7 அங்குல உயரத்தில் இருக்கும். ஆகவே குழாயைத் தரைக்கு மேலேயே சுவரை ஒட்டி ஷாஃப்ட் வரை ஓட்டி, அதற்கு முன்னால் அரைச் சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டிவிடலாம். சுவரோரம் 6 அங்குலம் போகும். ஷாம்பூ பாட்டில் வைக்க மேடை கிடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகவும் சல்லிசு.

படி 3: ஷாஃப்டில் எட்டிப் பாருங்கள்

உங்கள் குழாய் போய்ச் சேரும் செங்குத்துக் குழாய் எதனால் ஆனது? பழைய கட்டடங்களில் வார்ப்பிரும்புக் குழாய் இருக்கும். அதில் புது இணைப்புக் கொடுப்பது பிவிசியில் கொடுப்பதுபோல் எளிதல்ல. பல சமயம் ஒரு துண்டை அறுத்தெடுத்து மாற்ற வேண்டி வரும். அது உங்களுக்கு மட்டும் சொந்தமான குழாயும் அல்ல, மேல் வீடும் கீழ் வீடும் அதே குழாய்தான். அசோசியேஷனில் எழுத்து மூலமாகக் கேட்டு, வேலை நடக்கும் நேரத்தில் மேல்வீட்டில் தண்ணீர் விடாமல் இருக்கச் சொல்ல வேண்டும். ஷாஃப்டுக்குள் ஆள் நிற்க சாரம் கட்டினால் அதற்குத் தனிக் கூலி. இதை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாய் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் யோசிக்கவே வேண்டாம், முழுதாக மாற்றுங்கள். 25 வருடம் ஓடிய ஜிஐ குழாயின் உள்ளே துருவும் உப்பும் அடைத்து, சின்ன ஓட்டைதான் மிச்சம் இருக்கும். இப்போது பிளாஸ்டிக் குழாய்தான்: சுடுதண்ணீருக்கு சிபிவிசி, பச்சைத்தண்ணீருக்கு யுபிவிசி அல்லது அதற்கும் சிபிவிசி.

அப்படியே கீழ் வீட்டுக்கும் ஒரு நடை போய், "அக்கா, மேல வேலை ஆரம்பிக்கப் போறோம், உங்க சீலிங்க ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று சொல்லி எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஈரக்கறை நாளைக்கு உங்கள் கணக்கில் ஏறாது.

படி 4: இடிப்பும் கழிவும்

எஸ்டிமேட்டில் எல்லோரும் "டிஸ்மேன்ட்லிங்: லம்ப்சம்" என்று ஒரே வரியில் முடிக்கும் இடம். இதை மூட்டைக் கணக்கில் போடலாம்.

சன்கன் நிரப்பு: 35 சதுர அடி, ஓர் அடி ஆழம், ஆக 35 கன அடி. சுவர் டைல்ஸும் அதன் பின்னால் பூச்சும்: சுமார் 150 சதுர அடி, 2 அங்குலத் தடிமன், ஆக 25 கன அடி. மொத்தம் 60. உடைத்ததும் உப்பிக்கொள்ளும், ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வையுங்கள், 85 கன அடி. ஒரு சிமெண்ட் சாக்கில் தூக்கக்கூடிய அளவு சுமார் ஒரு கன அடி. அதாவது 85 மூட்டை. லிஃப்டில் இறக்க அசோசியேஷன் விடாது. இரண்டு மாடிப் படியில் மூட்டைக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 3,400.

எடை இரண்டரை டன்னைத் தாண்டும். குட்டி யானை வண்டி முக்கால் டன்தான் தாங்கும், அதனால் 4 நடை. நடைக்கு 2,000 என்றால் 8,000. உடைக்க பிரேக்கர் ஆள் 1,300, கூட ஒருவர் 900, 4 நாள் என்று வைத்தால் 8,800. ஆக 20,200. "நாங்களே எங்கயாவது போட்டுர்றோம்" என்பவரிடம் கழிவைக் கொடுக்காதீர்கள். சாலையோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை அரைத்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன.

படி 5: வாட்டர் ப்ரூஃபிங்

இரண்டு அடுக்கு. பள்ளத்தைச் சுத்தம் செய்து, குழாய் நுழையும் இடங்களைச் சுற்றி அடைத்து, தரையிலும் பக்கங்களிலும் பூசுவது முதல் அடுக்கு. பள்ளத்தை நிரப்பி மேலே பெட் போட்ட பிறகு டைல்ஸுக்கு அடியில் பூசுவது இரண்டாவது. சுவரில் ஓர் அடி ஏற்ற வேண்டும், ஷவர் மூலையில் ஆள் உயரத்துக்கு. நம் பாத்ரூமுக்குச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 150 சதுர அடி வரும். பொருளும் கூலியும் சேர்த்து 80 ரூபாய் வீதம் 12,000.

முதல் அடுக்கு காய்ந்ததும் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ் வீட்டில் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பள்ளத்தை மூட வேண்டும். நிரப்புவதற்குப் பழைய ஜல்லியையே திருப்பிக் கொட்டாமல் சிண்டரோ ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) துண்டுகளோ போட்டால் ஸ்லாப்பில் சுமை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள், பூச்சு காயவே நாள் பிடிக்கும், கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஆடியில் பலர் புது வேலை தொடங்க மாட்டார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லையென்றால் நல்ல ஆள் கிடைக்கும் மாதம் அது.

படி 6: டைல்ஸ்

கணக்கு எளிது. சுற்றளவு 24 அடி, உயரம் 7 அடி, 168. கதவுக்கு 17.5, வென்டிலேட்டருக்கு 3 கழித்தால் 147.5. தரை 35. மொத்தம் 182.5 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம். 2க்கு 1 அடி சுவர் டைல்ஸ் 5 கொண்ட பெட்டி 9.7 சதுர அடி வரும், 17 பெட்டி. தரைக்கு 1க்கு 1 அடி, 4 பெட்டி. சதுர அடி 75 ரூபாய் என்றால் சுமார் 15,300. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் ஒரு நடை போனால் ஒரே காலையில் நாலைந்து கடை விலை தெரிந்துவிடும். பெரும்பாலான சரக்கு குஜராத்தின் மோர்பியில் இருந்து வருவதுதான்.

தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ். 4க்கு 2 அடி மாதிரிப் பெரிய டைல்ஸ் தரையில் வேண்டாம், வடிகாலை நோக்கிச் சரிவு கொடுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பாலில் பிடிக்காது, அட்ஹெசிவ் கட்டாயம். 6 மூட்டை, 600 வீதம் 3,600. டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் இடைவெளிக்கு வைக்கும் ஸ்பேசரும் 2,200. ஒட்டும் கூலி 60 வீதம் 10,950. இந்தப் படி மொத்தம் சுமார் 32,000.

படி 7: க்ளோசெட், குழாய், ஷவர்

கழிவு தரை வழியாக இறங்கும் எஸ்-டிராப் க்ளோசெட் வாங்கினால் சுவரில் இருந்து துளையின் மையம் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். 4, 9, 12 என்று வரும். பிளம்பர் குழாய் வைப்பதற்கு முன்பே மாடலை முடிவு செய்து, டைல்ஸ் தடிமனையும் சேர்த்து அளவைச் சொல்ல வேண்டும். பேரிவேர், ஹிண்ட்வேர், செரா, ஜாக்குவார் என்று எதை எடுத்தாலும் அளவுப் படம் கடையிலேயே கிடைக்கும்.

ஷவரில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் தண்ணீரின் அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள், தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார். மேல் மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் 10 அடிதான் இடைவெளி என்றால் 0.3 பார். நம் உதாரண வீட்டில் ஒரு மாடி கூடுதல், 0.6 பார். பெரிய ரெயின் ஷவர்கள் 1 பாராவது கேட்கும். ஷோரூமில் கொட்டியது வீட்டில் சொட்டும். பிரஷர் பம்ப் வைக்கலாம், ஆனால் பொதுத் தொட்டியில் இருந்து வரும் லைன் என்றால் மறுபடி அசோசியேஷன். சின்ன ஷவர் போதும் என்று முடிவு செய்தால் அந்தச் செலவே இல்லை, கீழே உள்ள கணக்கில் நானும் பம்ப் சேர்க்கவில்லை.

அப்புறம் நம் ஊர்த் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு ஏறியுள்ள பகுதிகளில், குறிப்பாகக் கடலோரத்தில், கறுப்பு மேட் குழாய்கள் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். குரோம் பூசிய பித்தளையே உத்தமம். கழற்றிக் கழுவ முடிகிற வலை உள்ளதாகப் பாருங்கள்.

க்ளோசெட் 14,000, பேசின் 4,500, டைவெர்ட்டரும் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வ்) ஷவரும் குழாய்களும் 22,000, ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் வால்வ் வகையறா 4,500. மொத்தம் 45,000.

படி 8: மின்சாரம், கதவு, கண்ணாடி

2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தனி லைன், 16 ஆம்பியர் பாயிண்ட், சரியான எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்). இதில் பேரம் வேண்டாம். கீசர் 11,000, வயரிங் சாமான் 6,500, எக்ஸாஸ்ட் ஃபேன் 2,500, கூலி 4,000. தண்ணீரில் ஊறாத கதவு 10,000, கண்ணாடித் தடுப்பு 16,000, முகம் பார்க்கும் கண்ணாடியும் அலமாரியும் 3,000.

படி 9: இரண்டு முறை கூட்டுங்கள்

எஸ்டிமேட்டை ஒரே பத்தியாகப் போடாதீர்கள். அமைப்பை மாற்றாமல் செய்தால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இதில் உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்களுக்குச் சொன்ன விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

- இடிப்பு, கழிவு: மாற்றாமல் 9,000, மாற்றினால் 20,200
- குழாய் வேலை, பிளம்பர் கூலியோடு: 12,000, 30,000
- வாட்டர் ப்ரூஃபிங்: 6,000, 12,000
- நிரப்பு, பூச்சு, கொத்தனார், சித்தாள்: 14,000, 27,000
- டைல்ஸ்: இரண்டிலும் 32,000
- க்ளோசெட், குழாய், ஷவர்: 45,000
- மின்சாரம்: 24,000
- கதவு, கண்ணாடி: 29,000

மாற்றாமல் 1,71,000. மாற்றினால் 2,19,200. எதிர்பாராச் செலவுக்கு எல்லாவற்றிலும் ஒரே சதவீதம் வைப்பதில் அர்த்தம் இல்லை. கடையில் பார்த்து வாங்கும் பொருளில் பெரிதாக எதுவும் எகிறாது, தரைக்குள் இருப்பதுதான் எகிறும். முதல் நான்கு வரிக்கு 20 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம் சேருங்கள். 1,85,700, 2,43,540 என்று வரும்.

இடைவெளி சுமார் 58,000. க்ளோசெட்டை 4 அடி நகர்த்துவதன் விலை இதுதான். டைல்ஸைச் சதுர அடிக்கு 20 ரூபாய் குறைத்தால் மிச்சமாவது சுமார் 4,000தான். எதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது தெரியும். கீழ் வீட்டில் ஏற்கெனவே கசிவு இருந்தால் கணக்கு வேறு: எப்படியும் பள்ளத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும், அப்போது இடம் மாற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவு குழாய் வரியில் மட்டும்தான். கசிகிற பாத்ரூமில் தயங்காமல் மாற்றலாம்.

படி 10: விலை கேட்பதும் பணம் கொடுப்பதும்

மேலே உள்ள வரிசையை அப்படியே தாளில் எழுதி, விலை இடத்தைக் காலியாக விட்டு மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் லேபர் மட்டும், இன்னொருவர் மெட்டீரியலோடு என்று சொன்னால் ஒப்பிடவே முடியாது. ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று டைல்ஸ் கடையிலும் கேளுங்கள், 18 சதவீதம் சின்னத் தொகை அல்ல. மற்றவர்களைவிட மிகக் குறைவாகச் சொன்னவரிடம் சன்கனைத் தோண்டுகிறாரா, ஒரே அடுக்குப் பூச்சா, கழிவு இறக்குவது யார் என்று மூன்று கேள்வி கேட்டால் வித்தியாசம் எங்கே என்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால் மூன்று வாரம் எங்கே குளிப்பது என்பதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். எதிர் வீட்டு மாமி முதல் வாரம் சிரித்த முகமாகத்தான் சாவி கொடுப்பார்.

அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த தவணை குழாய் போட்டு முடித்ததும். அதற்கு அடுத்தது தண்ணீர் கட்டிப் பார்த்து, கீழ் வீட்டில் ஒரு சொட்டு இல்லை என்று உறுதியான பிறகு. டைல்ஸ் ஒட்டியதும் இன்னொன்று. பள்ளத்தை மூடும் முன் ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள், பிற்பாடு டவல் கம்பிக்குத் துளை போடுகிறவருக்குக் காட்ட வேண்டியிருக்கும். கடைசி 10 சதவீதத்தை ஒரு மாதம் புழங்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், இதை முதல் நாளே சொல்லித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.